எங்கள் வீட்டு ஆறு ஓட்டு

அண்ணன் தோற்றதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை. வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றவர்களில் அவன் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். கடைசியாக வந்தவர் பிரச்சாரத்தின் நடுவிலேயே கால் முறிந்து படுத்துவிட்டவர். ஆக, மண்ணைக் கவ்வியதில் சந்தேகமே இல்லை. அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அவனால் தாங்க முடியாமல் போனது எங்கள் தெரு ஓட்டு மெஷினின் கணக்கு. அதில் அவனுடைய குழாய் சின்னத்துக்கு விழுந்தவை ஐந்து ஓட்டு. எங்கள் வீட்டில் மட்டும் ஆறு ஓட்டு.

அந்த ஆறு பேரையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். மாடியில் அப்பா, அண்ணன், அண்ணி, இந்தத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்ட அவர்கள் மகள். கீழே பின்பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். முன்பக்கம் தெருவைப் பார்த்து இரண்டு ஷட்டர். ஒன்று அண்ணனின் டிரைவிங் ஸ்கூல், இன்னொன்று என் ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தியே கிளட்ச் சார் என்று பெயர் வாங்கிவிட்டான். எனக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று அவன் சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் மட்டும் கேட்கிற ஆளா அவன்? தன்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் எல்லாரும் தனக்குத்தான் போடுவார்கள் என்று மனதார நம்பினான். டீக்கடை, பெட்ரோல் பங்க், சலூன், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "என் வீட்டு ஓட்டு ஆறு, கையில இருக்கு. அதுக்கு மேல எவ்வளவு வருதுன்னுதான் பார்க்கணும்" என்பான். தன்னிடம் இருக்கிற கார்களை எண்ணிச் சொல்வதும் அதே குரலில்தான். அப்போது எங்களில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எண்ணிக்கை நாளில் கூடத்தின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறான். மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தச் சாவடி, யாருக்கு எவ்வளவு என்று உரக்கப் படித்தார்கள். எங்கள் தெரு மெஷின் வந்ததும், "குழாய், அஞ்சு" என்றாராம் அந்த அதிகாரி, உப்புச் சப்பில்லாத குரலில். அண்ணன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். இன்னொரு தடவையும் அஞ்சுதான். பக்கத்தில் நின்ற வேறு கட்சிக்காரன் ஒருவன், "கிளட்ச் சார், வீட்ல யாரோ பிரேக் போட்டுட்டாங்க போல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். சுற்றி இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். எங்களை எல்லாம் கூப்பிட்டு, ஒவ்வொருவராகக் கேட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என்னையே சந்தேகப்படுகிறாயா என்று கத்தினேன். அப்பா, பெற்ற பிள்ளைக்குப் போடாமல் வேறு எவனுக்குப் போடுவேன் என்றார். அண்ணன் மகள் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டினாள், ஏதோ அந்த மை சாட்சி சொல்லும் என்பது போல. என் வீட்டுக்காரர், நாலாவது பட்டன், நீலக் குழாய் என்று பாடம் ஒப்பித்தார். அண்ணி, "போட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

"அப்போ மெஷின்தான் தின்னுடுச்சு" என்றான் அண்ணன்.

ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று முதலில் குதித்தவள் நான்தான். எனக்கு அந்த மெஷின்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. நான் ஜெராக்ஸ் கடைக்காரி. ஒரு தாளை வைத்தால் இன்னொரு தாள் வெளியே வர வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் வாடிக்கையாளர் காசு கொடுப்பார். இங்கே என்ன வருகிறது? பட்டனை அமுக்கினால் ஒரு பீப் சத்தம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையில் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது. நம்பு என்கிறார்கள். எதை வைத்து நம்ப?

விஷயம் தெருவில் பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இங்கேதான் எங்கள் ஜனங்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். இழவு வீட்டில் போய், செத்தவர் மோசமானவர் என்று யாராவது சொல்வார்களா? அதே மாதிரிதான். முதலில் சலூன்காரர் வந்தார். "சார், நானும் உங்களுக்குத்தான் போட்டேன்" என்றார். ஜெயித்தவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவர் இதே சலூன்காரர்தான், என் கடையிலேயே ஒன்று கொடுத்திருக்கிறார். அப்புறம் மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, மெக்கானிக் செட் அண்ணன் தம்பி இரண்டு பேர், எதிர்வீட்டு ரிட்டையர்ட் தாசில்தார். எல்லாரும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத்தான் சார் போட்டேன் என்றார்கள். ஒரு மனுஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேறு என்னதான் சொல்வார்கள், பாவம்.

அவர்கள் மரியாதைக்குச் சொன்னார்கள், அண்ணன் அதையெல்லாம் கூட்டிக்கொண்டே வந்தான். இருட்டுவதற்குள் எங்கள் தெருவில் அவனுக்கு இருபதுக்கு மேல் ஓட்டு விழுந்துவிட்டது. மெஷின் காட்டுவதோ ஐந்து. ஒரு ஓட்டுத் திருட்டு பெரிய கொள்ளையாகிவிட்டது.

அண்ணன் மகளின் சிநேகிதன் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டான். என் வீட்டு ஓட்டையே காணோம் என்று அண்ணன் அதில் தழுதழுத்த குரலில் பேசினான். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கடைக்கு வந்து, கிளட்ச் சார் வீடு இதுதானே என்று கேட்டார்கள். பெரிய இடங்களில் தோற்ற பெரிய மனுஷர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். வக்கீல் ஒருவர் தாமாகவே வந்தார். தெருவில் இருக்கிற எல்லாரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கேஸ் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். யார்மேல் கேஸ் என்று கேட்டேன். மெஷின்மேல் போட முடியாது, அந்தச் சாவடியின் பொறுப்பு அதிகாரிமேல்தான் என்றார்.

அந்தப் பொறுப்பு அதிகாரி பக்கத்துத் தெருவில் இருக்கிற கணக்கு டீச்சர். எங்கள் அண்ணனிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் நன்றாக ஓட்டுவார் என்பதால் அண்ணன் அவருக்கு ரிவர்ஸ் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தான். லைசென்ஸ் வாங்கிய அன்று இனிப்புடன் எங்கள் வீட்டு மாடி ஏறி வந்தவர். அண்ணனின் புகார் போன மறு வாரமே அவரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணையில் தப்பு என்று முடிவானால் வேலை போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டுச் சுவரில் திருடி என்று யாரோ தாரால் எழுதிவிட்டுப் போனார்கள். நான் அந்த வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், தெருவே காலியாக இருந்த நேரத்தில் டீச்சர் என் கடைக்கு வந்தார். வேலைநீக்க உத்தரவுக்கு இரண்டு காப்பி வேண்டும் என்றார். மற்ற கடை எல்லாம் மூடியிருந்ததாம், இல்லையென்றால் இங்கே வந்திருக்க மாட்டாராம். அதையும் அவரே சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாளை வாங்கி மெஷினில் வைத்தேன். அது பாட்டுக்கு வெளிச்சம் அடித்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. அந்த மெஷின்ல ஏதாவது நடந்துச்சா?"

"காலைல எல்லா ஏஜெண்டும் பார்க்க ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிக் காட்டினேன். உங்க அண்ணனோட ஏஜெண்டும் இருந்தார். எல்லாம் சரியா வந்துச்சு. அந்தச் சோதனை ஓட்டை அழிச்சேன், சீல் வெச்சேன். சாயங்காலம் பூட்டிக் குடுத்தேன். நான் பார்த்தது அவ்வளவுதான். உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்ச அளவுதான் எனக்கும் தெரியும்."

மெஷின் தங்கமானது, தப்பே நடக்காது என்று அவர் சத்தியம் செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்றார் பாருங்கள், அதில்தான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷி பொய் சொல்லவில்லை.

காப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார். முன்பு சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போட்ட காலத்திலும் அவர் தேர்தல் வேலை பார்த்திருக்கிறாராம். அப்போது எல்லாச் சாவடிப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி, நன்றாகக் கலந்துவிட்டுத்தான் எண்ணுவார்களாம்.

"எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு எவருக்கும் தெரியாது. இப்ப ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாச் சொல்லுது. ஒருத்தருக்கு நாலஞ்சு ஓட்டு மட்டும் விழுந்தா, வீட்டையே காட்டிக் குடுத்துடுது."

யாரையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. தன் மகளை ஸ்கூலில் மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள், அவளை அழைத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது காப்பிக்குக் காசை வைத்தார். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டே போனார்.

டீச்சர் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்காமல் இல்லை. மெஷின் திருடவில்லை என்றால் எங்கள் ஆறு பேரில் ஒருவர் போடவில்லை. நான் போட்டேன். நாலாவது பட்டனை அழுத்தி, பீப் சத்தம் வருகிறவரை விரலை எடுக்கவில்லை. அப்படியென்றால் யார்?

முதலில் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் லிஃப்டில்தான் பதில் வரும். லிஃப்ட் நடுவில் நின்றால் எல்லாரும் லிஃப்டைத்தான் திட்டுவார்கள், போய்ப் பார்த்தால் எவனாவது கதவை ஆட்டியிருப்பான் என்றார். சில நேரம் லிஃப்டும் கெட்டுத்தான் போகும், திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் இந்த மெஷினைத்தான் யாரும் நம் முன்னால் திறந்து காட்டுவதில்லையே என்றும் அவரே சொன்னார். நீங்கள் போட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றேன். உன் அண்ணனுக்குப் போடாமல் உன்னோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அப்பா அண்ணனுக்காக உயிரையே கொடுப்பார். மிச்சம் இருந்தது அண்ணன் மகள். இந்தக் காலத்துப் பிள்ளை, அப்பனிடம் ஸ்கூட்டர் கேட்டுக் கிடைக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள். அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம்தான் வக்கீல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வருவதாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: உங்கள் மகள்தான் போடவில்லை, அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு சின்னப் பெண்ணின் விளையாட்டுக்கு ஒரு பொம்பளையின் பிழைப்புப் போகப்போகிறது.

அண்ணி வாயிலிருந்த கிளிப்பை எடுத்தாள்.

"அவ மேல பழி போடாத. நான்தான்."

எங்கள் அண்ணியா? கூட்டத்தில் அண்ணனுக்குப் பின்னால் நின்று, அவன் சொன்ன நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு, அவன் கைகாட்டிய திசையெல்லாம் கும்பிட்ட அண்ணியா? ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தப் போனேன், அவள் கண்ணாலேயே அடக்கினாள். ஒரு சட்டையை எடுத்து உதறினாள். அண்ணன் சட்டை.

"தெருவுல போறவன், வர்றவன், முன்னப்பின்ன தெரியாதவன், எல்லார்கிட்டயும் கைகூப்பி, எனக்குப் போடுவீங்களான்னு கேட்டார். நான் பின்னாடியே நின்னு பார்த்துட்டுத்தான இருந்தேன். என்கிட்ட ஒரு தடவை கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல அவருக்கு. ஆறுன்னு எண்ணிட்டார். அந்த அட்டை மறைப்புக்குள்ள போனதும், இங்க என்னை யாரும் பார்க்கலன்னு தோணுச்சு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு இடத்துல நான் நின்னதே இல்ல. கேட்டிருந்தா போட்டிருப்பேன், பட்டாசு. சத்தியமாப் போட்டிருப்பேன்."

யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அதைக் கேக்காத. அது என்னோடது."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த ஒரு ஓட்டால் டீச்சர் சுவரில் தார், ஊர் முழுக்க வீடியோ, கேஸ். ஆனால் அண்ணனைச் சொல்லி என்ன, நானும்தான் அவளை எண்ணியிருந்தேன். எத்தனை முறை டீக்கடையில் அவன் ஆறு என்று சொல்ல, நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது அண்ணியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேனா? இல்லை.

டீச்சரை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை, சாயங்காலம் வக்கீல் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றாள் அண்ணி. சொன்னால் இந்த வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்றேன். தெரியவில்லை என்றாள். எனக்குத் தெரிந்தது. அண்ணன் அவளை அடிக்க மாட்டான், வெளியே போ என்று சொல்ல மாட்டான். ஆனால் சாகிறவரை ஒரு நாள்விடாமல் அதைச் சொல்லிக் காட்டுவான். என் கூடப் பிறந்தவனை எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் நிரம்பிவிட்டது. சுவரில் சாலைக் குறிகளின் படம், மேஜையில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிரித்து வைத்த கியர் பெட்டி, அதைச் சுற்றி நாற்காலிகள். சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், தாசில்தார் எல்லாரும் துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை கையெழுத்து வரை வந்து நிற்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பத்திரங்கள் என் கடையில், என் கையால் அடித்தவை. நான் குழாய் சின்னத்துக்கே வாக்களித்தேன் என்று உறுதி கூறுகிறேன் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். வீடியோ எடுக்கிற பையன் ஓரமாகத் தயாராக நின்றான்.

"முதல்ல என் வீட்டு ஆளுங்க" என்றான் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் படித்தான், போட்டான். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார், போட்டார். அடுத்தது அண்ணி. பேனாவை வாங்கினாள். தாளைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தாள். "நான்..." என்று தொடங்கினாள். அவள் அந்தத் தாளைப் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணா, நான் உனக்குப் போடல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன், "விளையாடாத பட்டாசு, நேரம் பார்த்தியா" என்றான். நான் விளையாடவில்லை என்றேன். அன்றைக்குக் கேட்டபோது குதிகுதியென்று குதித்தாயே என்றான். பயத்தில் குதித்தேன் என்றேன். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன். அவனுக்கு நான் போட்டேன். ஆயிரம் தடவை தேர்தல் வந்தாலும் போடுவேன்.

"ஏன்?" என்று கேட்டான்.

ஏனென்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? செய்யாத காரியத்துக்கு எங்கே போய்க் காரணம் தேடுவது? அண்ணி சொன்னதுதான் வாயில் வந்தது.

"நீ ஊரையெல்லாம் கேட்ட. எங்களைக் கேக்கல. எண்ணிட்ட. ஒரு தடவை கேட்டிருந்தா போட்டிருப்பேன்."

அண்ணியின் கையிலிருந்து பேனா விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புளுகுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவரிடம் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் கதை கேட்கலாம்.

முதலில் எழுந்தவர் சலூன்காரர். கடையில் ஆள் காத்திருக்கிறது என்றார். தாசில்தாருக்கு மாத்திரை நேரம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் நாற்காலிகள் காலி. சொந்தத் தங்கையே இப்படிச் சொன்ன பிறகு கேஸ் நிற்காது சார் என்று வக்கீல் பையை மூடினார். வீடியோப் பையன் எப்போது போனான் என்றே தெரியவில்லை.

அண்ணன் உட்கார்ந்தபடி விரலை மடக்கி எண்ணினான்.

"ஆறுல ஒண்ணு போனா அஞ்சு. மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு."

பிறகு பக்கத்தில் நின்ற அண்ணியின் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். எங்கள் எல்லார் முன்னாலும் அவன் அவள் கையைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. "கூடப் பிறந்தவளே கழுத்தறுத்துட்டா. நீ ஒருத்திதான் எனக்கு" என்றான். அழுதுகொண்டே சொன்னான். அண்ணி அசையாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம். காலையில் என் கடையைத் தாண்டித்தான் போவார், இந்தப் பக்கம் திரும்பமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பத்திரங்களை அடித்துக் கொடுத்தவள் நான் என்பதுதான். அது பொய்யும் இல்லையே. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் சாரை விலைக்கு வாங்கிவிட்டார்கள், தங்கச்சிக்கும் ஏதோ போயிருக்கிறது என்று அதன் கீழே எழுதுகிறார்கள். அந்த மெஷினையோ இன்றுவரை யாரும் எங்கள் முன்னால் திறந்து காட்டவில்லை. நான் சொன்ன பொய்யை வைத்துத்தான் அது உண்மை சொன்னது என்று எங்கள் தெருவில் முடிவானது. அடுத்த தேர்தலில் நான் எதை நம்பிப் போய் நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. இரண்டு ஷட்டருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவது கேட்கும், அதோடு சரி. அப்பா மாடியிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார், நின்று பேச மாட்டார். அண்ணி மட்டும் தினமும் சாயங்காலம் பின்வழியாக எனக்கு டீ கொண்டுவருவாள். நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நேற்றுதான் அவளாகப் பேச்சை எடுத்தாள்.

"அடுத்த தடவையும் நிக்கலாமான்னு ராத்திரி என்னைக் கேட்டார். நின்னா எனக்குப் போடுவியான்னும் கேட்டார். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அழுதுட்டேன். சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சுக்கிட்டார்."

டம்ளரை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.